தாம்பூலத் தட்டோடு கடலுக்குப் போனவன் எழுதுவது

கோபால்,

அம்மாவுக்கு என்று நீ போட்ட கடுதாசியை நேற்று நான்தான் பிரித்துப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. அவள் அடுப்படியில் கை வேலையாக இருந்தாள், தபால்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார், உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கடலில் நடந்த அந்தக் கூத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து வருகிற முதல் கடுதாசி அல்லவா? நாலு வரி நலம் விசாரித்துவிட்டு அப்புறம் போட்டு உடைத்திருக்கிறாய்: இனி அந்த ராடார் முன்னால் உட்கார மாட்டாயாம், சமையல் பக்கம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாயாம், வருகிற திங்கட்கிழமை பெரிய அதிகாரி கூப்பிட்டுக் கேட்பாராம், சரி என்று சொன்னால் அன்றோடு முடிந்ததாம். கப்பலில் வெங்காயம் உரிக்கவா உன்னை மீஞ்சூரில் ரயிலேற்றி அனுப்பினேன்? உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உரிச்சா உரிச்சிட்டுப் போட்டும், புள்ள நிம்மதியா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்படி விட முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் உன் கைக்குச் சேர வேண்டும் என்று இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன், நானே பொன்னேரிக்குப் போய்த் தபாலில் சேர்ப்பேன்.

பெற்ற அப்பனையே கொன்றிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நடந்ததை நீ கப்பலுக்குள் இருந்து பார்த்தாய். என்னை ஏற்றிக்கொண்டு வந்த எல்லப்பன் படகில் இருந்து பார்த்தான். இரண்டு இடத்திலும் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆகவே முதலிலிருந்து கடைசி வரை நான் சொல்கிறேன், நீ பேசாமல் படி. என் கோபம் உனக்குத் தெரிந்ததுதானே, நடுவில் இரண்டு திட்டு விழுந்தால் அதையும் சேர்த்தே படி.

தீபாவளிக்கு லீவில் வந்தாயே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கால்வாயில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு பட்டணம் போய் வருகிறவன் நான். எனக்குத் தெரிந்த தண்ணீருக்கு இரண்டு பக்கமும் கரை உண்டு, கழியை ஊன்றினால் தரை தட்டும். நீயோ கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். "அந்த மிஷினாண்ட உக்காந்துக்கினு இன்னாதான்டா பண்றே?" என்று சாப்பிடும்போது கேட்டேன். நீ தட்டில் ஒரு பருக்கையை நடுவில் வைத்து இதுதான் கப்பல் என்றாய். கப்பல் உச்சியில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், அது மின்னலையை அனுப்பும், எதிரில் எது இருந்தாலும் அதில் பட்டுத் திரும்பும், திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரம் தெரியும், எல்லாம் ஒரு வட்டக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழும் என்று தட்டைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டினாய். "இருட்டு, பனி எதுவும் அத்த ஒண்ணும் பண்ணாது நைனா. ஆந்திரா பக்கம் ஒரு காக்கா பறந்தாக்கூட எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றாய். நான் விடவில்லை. "படகு?" என்று கேட்டேன். "படகு இன்னா, படகுல குந்திக்கினு நீ மீசைய முறுக்கினாக்கூடத் தெரியும்!" என்றாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை மகள் சரோஜா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அளந்ததெல்லாம் அவள் காதுக்குத்தான். உன் வயதில் நானாயிருந்தால் இன்னும் பெரிதாக அளந்திருப்பேன். ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்தவள் நம்பினாளோ இல்லையோ, எதிரில் உட்கார்ந்திருந்த நான் முழுசாக நம்பிவிட்டேன்.

தை பிறந்தது, உனக்கும் சரோஜாவுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது, நீ இல்லை. உங்கள் கப்பல் பழவேற்காட்டுக்கு எதிரே பயிற்சிக்கு வந்து நிற்கப்போகிறது, கரையில் இருந்தே பார்க்கலாம் என்று நீ முன்பே எழுதியிருந்தாய். அதேபோல வந்து நின்றது. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. மாப்பிள்ளை ஊரில் இல்லாவிட்டால் நிச்சயத் தாம்பூலத்தை அவன் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் வாங்குகிற வரைக்கும் பெண் வீட்டில் ஒரு மஞ்சள் கிழங்குகூட இடிக்க மாட்டார்கள். உன் சித்தப்பன் நிச்சயத்துக்கு நான் அரக்கோணம் வரைக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவன். உன் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மாப்புள்ள கண்ணுக்கு எதுக்கயே நிக்கிறான், தாம்பூலம் ஊட்டுல காஞ்சிக்கினு கெடக்குது. இன்னாண்ணா நீ?" என்றாள். தங்கை கேட்டுவிட்டாள், எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதல் நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். கடலில் பீரங்கி சுடுகிற பயிற்சி, மறுபடி சொல்கிற வரை யாரும் படகு இறக்கக்கூடாது என்று குப்பம் குப்பமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தனை படகும் மணலில் ஏறிக் கிடந்தது. நான் தட்டோடும் பலகார டின்னோடும் எல்லப்பன் வாசலில் போய் நின்றேன். "வெளையாட்றியாண்ணா? தண்டோரா போட்டுக்கீறாங்க" என்றான். "அந்தக் கப்பலுக்குக் கண்ணே எம் புள்ளதான்யா. காக்கா பறந்தாலே தெரியுதாம், நம்ம படகு தெரியாதா?" என்றேன். "உம் புள்ளைக்குக் கண்ணு இருக்குதுண்ணா, குண்டுக்கு இல்லியே" என்றான் அவன். நியாயமான பேச்சு. கேட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கடுதாசிக்கே வேலை இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் மகளைப் பிரசவத்துக்குப் பட்டணம் கொண்டுபோனது என் படகில்தான் என்று சொல்லிக் காட்டினேன். அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. எழுந்து துடுப்பை எடுத்தான். அவன் பெண்சாதி குப்பம்மா பின்னாலேயே மணலில் ஓடிவந்து கத்தினாள், நான் காதில் வாங்கவில்லை.

முகத்துவாரம் தாண்டும் வரை எனக்கு வீரம் இருந்தது. தாண்டியதும் வாடைக் காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று. பனி இன்னும் கலையவில்லை, கப்பல் ஒரு சமயம் தெரிந்தது, ஒரு சமயம் காணோம். அலை படகுக்குள்ளேயே அடித்தது. பலகாரம் உப்புத்தண்ணீர் பட்டு வீணாகிவிடப் போகிறது என்று டின்னைத் தூக்கிப் பாய்மரத்தில் உயரக் கட்டச் சொன்னேன். கடலை எண்ணெய் வந்த பெரிய சதுர டின், அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். எல்லப்பன் முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். தட்டை நான் மடியில் வைத்துத் துண்டால் போர்த்திப் பிடித்துக்கொண்டேன். உன்னைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு.

விமானம் வடக்கே இருந்து வந்தது. சத்தம் முதலில் வந்தது, ஆளைக் காணோம். ஆகாயத்தில் தேடினால் அது கடலோடு கடலாக வருகிறது! பனைமர உயரம் இருந்தால் அதிகம். பின்னால் வெகு தூரத்தில் ஒரு நீளத் துணிப்பையைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பையைத்தான் சுடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆனால் கப்பலின் பீரங்கிகள் மேலே பார்க்காமல் தண்ணீரைத் தடவுகிற மாதிரி படுத்துக்கொண்டு திரும்பியதைப் பனிக்குள்ளே பார்த்தேன். தாழ வருகிறவனைச் சுட வேண்டுமானால் தாழத்தானே சுட வேண்டும். விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். எல்லப்பன் "அம்மா தாயே" என்று கத்தினான். அடுத்த நிமிஷம் காது அடைத்துப்போயிற்று. கூப்பிடு தூரத்தில் கடல் கொத்துக் கொத்தாக எழும்பி விழுந்தது. படகு ஒருக்களித்த வேகத்தில் பாய்க்கழி திரும்பி எல்லப்பன் தோளில் அடித்தது, அவன் சுருண்டு விழுந்தான். நான் எழுந்து வேட்டியை அவிழ்த்து ஆட்டினேன். மருமகளுக்குத் தாம்பூலம் மாற்றிய பெரிய மனுஷன் கோவணத்தோடு நடுக்கடலில் நின்று "கோபாலு! கோபாலு!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? இன்னொரு தரம் சுட்டால் முடிந்தது என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சுடவில்லை.

அப்புறம் உங்கள் மோட்டார் படகு வந்ததும், எல்லப்பனைத் தூக்கி ஏற்றியதும், நீ கப்பல் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உனக்கே தெரியும். "ஏன் நைனா வந்தே?" என்று மட்டும் கேட்டாய். உன் உதடு வெள்ளையாக இருந்தது. நான் பைத்தியக்காரன் மாதிரி தட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதன் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

உங்கள் தெற்கத்தி அதிகாரி என்னைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். வெளி ஆளை அந்த அறைக்குள் விடக்கூடாதாம், அவருக்கு வந்த கோபத்தில் அதெல்லாம் மறந்துவிட்டது. இருட்டு அறை, நடுவில் நீ தட்டில் காட்டிய அதே வட்டக் கண்ணாடி. ஒரு வெளிச்சக் கோடு சுற்றிச் சுற்றி வந்தது. நடுவிலே கோலமாவு டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரே வெள்ளை. "பாருங்க பெரியவரே, இதுல எது படகுன்னு சொல்லுங்க" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். "அத்தனையும் கடல் அலை. நாங்க அனுப்புற மின்னலை கடல்லயும் பட்டுத்தான் திரும்புது. உயரப் பறக்கிறவனுக்குப் பின்னால வெறும் வானம், அவன் தூரத்துலயே மாட்டிக்குவான். தாழப் பறக்கிறவன் கடலோட வளைவுக்குக் கீழ ஒளிஞ்சு வர்றான், கிட்ட வந்தப்புறம்தான் தெரிவான். கிட்ட வந்தா இந்த வெள்ளைக்குள்ள பூந்துக்குறான். காக்காயாம் காக்கா!" என்றார். காக்கா கதை அவர் காதுவரை எப்படிப் போயிற்று என்று கேட்காதே, இழுத்துக்கொண்டு வரும்போது நான்தான் உளறியிருந்தேன்.

பிறகு ஒரு குமிழைத் தொட்டுக் காட்டினார். அதை ஒரு பக்கம் திருப்பினால் வெள்ளை அடங்கி, கண்ணாடி துடைத்துவிட்டாற்போல ஆகிறது. பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! "நல்லாத்தான் இருக்கும்" என்றார். "அலை மட்டுமா போச்சு? அலை அளவுக்கு இருக்கிற எல்லாமே போச்சு. நீங்களும் போயாச்சு. விமானம் தெரியணும், சுத்தம் பண்ணுன்னு சொன்னது நான்தான். உம்ம பையன் பண்ணினான். கடல் காலின்னு நினைச்சு சுடச் சொன்னேன்." அப்போது நீ யாரும் சொல்லாமல் குமிழைத் திரும்ப ஏற்றினாயாம். கண்ணாடி மறுபடி வெள்ளையாயிற்று, பக்கத்தில் நின்ற சீனியர் உன்னைத் திட்டினாராம். நீ அந்த வெள்ளையையே உற்றுப் பார்த்தாயாம். அலையாயிருந்தால் ஒரு சுற்றில் இருக்கும், அடுத்த சுற்றில் அங்கே இருக்காது. விமானமாயிருந்தால் சுற்றுக்குச் சுற்று நகர்ந்து வரும். ஒரு புள்ளி மட்டும் நகரவும் இல்லை, போகவும் இல்லை. அது அம்மா தேய்த்து வைத்த டின். மரப்படகு அதில் அவ்வளவாகத் தெரியாதாமே, மின்னலை தகரத்தில் பட்டால்தான் நன்றாகத் திரும்புமாமே. "'நிறுத்துங்க'ன்னு உம்ம பையன் கத்தினான், நிச்சயமாத் தெரியுமாடான்னு கேட்டேன்" என்றார் அந்த அதிகாரி. அதற்கு நீ சொன்னதை அவர் அப்படியே சொன்னார். "நிச்சயமாத் தெரியாது சார். ஆனா நிறுத்துங்க."

கோபால், நீ கடுதாசியில் எழுதியிருப்பதும் இதைத்தான். நிச்சயமாகத் தெரியாமல் சொன்னேன், முதலில் இரண்டு மூன்று சுற்று அலை என்று விட்டுவிட்டேன், விட்ட நேரத்தில் குண்டு போய்விட்டது, இப்படிப்பட்டவன் அங்கே உட்காரத் தகுதி இல்லை என்கிறாய். முட்டாளே, நீ இதற்கு அழுகிறாய். நான் இதைக் கேட்டுவிட்டு அந்த இருட்டு அறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரியும் சீனியரும் கடல் காலி என்று நம்பியிருந்தார்கள். நீ ஒருவன்தான் கண்ணாடி இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று பயந்தாய். பயந்ததால்தான் குமிழைத் திருப்பினாய். நிச்சயமாகத் தெரிகிற வரை நீ காத்திருந்தால் உன் அம்மா இன்றைக்குத் தாலியைக் கழற்றியிருப்பாள், குப்பம்மாவும் கழற்றியிருப்பாள்.

உன் பொய்யை நம்பித்தான் நான் வந்தேன் என்றும் எழுதியிருக்கிறாய். அளந்தது நீதான், ஒத்துக்கொள்கிறேன். தண்டோரா போட்ட பிறகு படகு இறக்கியவன் யார்? எல்லப்பன் வாயை அடைத்தவன் யார்? ஐம்பது வயதைத் தாண்டிய எருமை நான். எனக்குச் சேர வேண்டியதை நீ ஏன் தூக்கிக்கொண்டு போகிறாய்? போலீஸ் ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்து அவர்கள் கேட்டதெல்லாம் போதாதென்று உன் அத்தை வேறு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அனுப்பி வைத்தவளே அவள்தான். அந்தப் பேஜாரெல்லாம் நான் பட்டுக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார்.

இன்னொன்று யோசித்தாயா? திங்கட்கிழமை நீ எழுந்து சமையல் பக்கம் போய்விட்டால் அந்த நாற்காலி காலியாகவா இருக்கும்? புதிதாகப் படித்து முடித்த ஒரு பையனைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அவன் ஊரில் போய், ஆந்திரா பக்கம் ஒரு காக்கா பறந்தாலும் தெரியும் என்று எவளுக்கோ கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பான். சுத்தம் பண்ணு என்று மேலே இருந்து சொன்னால் பண்ணிவிட்டு, சுத்தமாக இருக்கிறது சார் என்று சந்தோஷமாகச் சொல்லுவான். அந்தச் சுத்தத்துக்குள் என்ன ஒளிந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் உனக்குக் கை நடுங்குகிறது, அது எனக்குப் புரிகிறது. எனக்கும் இப்போது கால்வாயில் தண்ணீர் சலசலத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்குகிற கையால் அந்தக் குமிழைத் திருப்பு.

சரோஜா உன்னைப் பற்றி ஒன்றுதான் கேட்டாள், டின்னோடு கப்பலில் விட்டுவந்தேனே, அந்த அதிரசத்தைத் தின்றாயா, தூக்கிப் போட்டுவிட்டாயா என்று. அவளுக்குத் தனியாக எழுது, அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. வைகாசியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நேற்று எல்லப்பனைப் பார்க்கக் குப்பத்துக்குப் போனேன். தோள் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, கையைத் தூக்க முடியவில்லை, ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அடுத்த வாரம் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறானாம். படகு மணலில் நின்றது. குப்பம்மா ஒரு பழைய டின்னைத் தேய்த்துப் பாய்மரத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படகுகளிலும் டின் தொங்கிற்று. குப்பம் முழுக்க விஷயம் பரவியிருக்கிறது. "அம்மாடி, டின்ன நம்பித் தண்டோரா அன்னிக்குப் போயிடாதீங்க. நான் பட்டது போதும். அந்தாண்ட குந்தியிருக்கிறவன் பாத்தாத்தான் அது டின்னு, பாக்கலன்னா அதுவும் அலைதான்" என்று சொன்னேன். அவள் என்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள், என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நேற்றுத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "அது தெரியும். அந்தாண்ட உன் புள்ள இருக்கிறான் இல்ல?" என்று கேட்டாள்.

நான் உன் கடுதாசியை அப்போது மடியில்தான் வைத்திருந்தேன். இருக்கிறான்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன்
நைனா